பக்கத்து சீட்டின் எடை

1

இந்தக் கதை என் தலையில் உதித்தது. உச்சந்தலையில், கொஞ்சம் இடப்பக்கமாக. தொட்டால் இன்னும் வலிக்கிறது.

கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மற்ற எழுத்தாளர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். நானும் அன்று மேலேதான் பார்த்தேன், காரின் கூரை தெரிந்தது. என் தம்பி ஒரு வேகத்தடையின் மேல் காரை ஏற்றினான். கார் ஏறியது. நான் காரைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறினேன்.

"எப்படி இருக்கு அக்கா?" என்று முன்னாலிருந்து ஆசையாகக் கேட்டான்.

"பட்டப்பகல்ல நட்சத்திரம் தெரியுதுடா."

"அதைத்தான் சொல்றேன். ரோடு அப்படியே உடம்புக்குத் தெரியும்!"

குலுக்கலைத் தாங்குவதற்காகக் காருக்கு அடியில் இருக்கும் சஸ்பென்ஷனை அவன் மாற்றியிருந்தான். கார்க்காரர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் அவன் உறுப்பினன். அங்கே போடுவதற்காக, புது சஸ்பென்ஷனைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனான். வீட்டில் ஒரு எழுத்தாளர் இருந்தால் கல்யாணப் பத்திரிகையில் தொடங்கி கரண்ட் ஆபீஸ் புகார்வரை எல்லாமே அவர் தலையில்தான் விழும். இந்த முறை என் தலை கூரையில் போய் விழுந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி லிப்ட் கம்பெனியில் இன்ஜினியர். அவன் பராமரிக்கும் லிப்ட்டில் ஏறினால் கிளம்பியதும் தெரியாது, நின்றதும் தெரியாது. மாடி வந்துவிட்டது என்று கதவு திறந்துதான் சொல்லும். வாரம் முழுக்க ஊராருக்கு ஆட்டம் தெரியாமல் பார்த்துக்கொள்கிறவன், ஞாயிற்றுக்கிழமையானால் சொந்தக் காரில் அத்தனை ஆட்டத்தையும் ஒன்றுவிடாமல் அனுபவிக்கிறான்.

அன்று முன்சீட் காலியாகத்தான் இருந்தது. நான் கதவில் கை வைத்ததும் பதறிவிட்டான். பின்சீட்டில், அதுவும் நட்டநடுவில் உட்காரச் சொன்னான். ஓரமாக நகரக் கூடாது என்று உத்தரவு வேறு. அந்த முன்சீட் அவன் மனைவியுடையது. அவள் அதில் உட்கார்ந்து சில மாதங்களாகின்றன. மறுபடி உட்காருவாளா மாட்டாளா என்பதுதான் கதை. வேறு கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"மலைச்சாலையின் வளைவில் அந்தச் சிவப்புக் கார் சிறுத்தையைப் போலப் பாய்ந்—"

"அக்கா, 'பாய்ந்தது'ன்னு போடாத" என்றான் தம்பி. என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா?"

"பாயுதுன்னா, சுருங்கின ஸ்பிரிங் விரியறப்போ ஷாக் அப்சார்பர் அதைப் புடிக்கலைன்னு அர்த்தம். எங்க குரூப்ல சிரிப்பாங்க."

இரண்டாம் தொடக்கம்: "கார் வளைவில் ஒயிலாகச் சாய்ந்து—"

"சாயவே சாயாது. அடியில அதுக்குன்னே தடிமனா ஒரு கம்பி மாத்தியிருக்கேன்."

மூன்றாம் தொடக்கம்: "கார் சாலையில் மிதந்து—"

"மிதந்துச்சுன்னா அது கப்பல்!"

நான்காவதாக, "கார் சென்றது" என்று எழுதினேன். தம்பி ஆப்பிளை மெல்வதை நிறுத்திவிட்டு யோசித்தான். "இது ஓகே" என்றான். "வேணும்னா 'நேராகச் சென்றது'ன்னு போடு. இல்ல, வேணாம். அலைன்மென்ட் இன்னும் முடியல."

வாசகரே, உங்களுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். எங்கள் வீட்டில் ஸ்பிரிங் நான், ஷாக் அப்சார்பர் என் கணவர்.*

* இந்த வரியை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். "சரி, விடு" என்றார்.

3

தம்பி வீடு வாங்கியபோது ஒரே நாளில் முடிவு செய்தான். சமையலறைக் குழாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. சஸ்பென்ஷனுக்கு மழைக்காலம் ஒன்று முழுதாகக் கழிந்தது.

அவன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. ஸ்பிரிங்கை மட்டும் குட்டையாக மாற்றலாம். கார் தாழ்ந்து பார்க்க லட்சணமாக இருக்கும், பழைய ஷாக் அப்சார்பர்தான் திணறும். இல்லையென்றால், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் செய்த ஜோடியை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மூன்றாவது, உயரத்தையும் விறைப்பையும் நாமே திருகித் திருகி மாற்றிக்கொள்ளும் செட். நிம்மதியாகத் தூங்க விருப்பமில்லாதவர்களுக்காகவே அதைச் செய்திருக்கிறார்கள்.

தம்பி எதை வாங்கினான் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெட்டி வந்த அன்று வீட்டில் நடந்ததை முதல் வரைவில் இப்படி எழுதியிருந்தேன்: "மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சலிப்போடு கதவைத் திறந்தாள்." இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதனால் எனக்கு வம்பு வரப்போகிறது. உண்மையில் அவள் சந்தோஷமாகத்தான் திறந்தாள். ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஓவன் வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். அவளும் தம்பியும் சேர்ந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்துத் திறந்தார்கள். உள்ளே நாலு ஸ்பிரிங்.

"ஏங்க, இதுல எப்படிங்க கேக் செய்யறது?" என்று கேட்டிருக்கிறாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அப்போது சிரித்தார்கள் என்பதை நான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

பிறகு மெக்கானிக் கடையில் செட்டைப் பொருத்தினார்கள். தம்பி உயரத்தை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினான். விறைப்பைக் கூட்டும் திருகு 'கிளிக் கிளிக்' என்று திரும்பும். கிளிக் நிற்கும்வரை திருகினான். ஏன்டா இப்படி என்று கேட்டேன். "இருக்கிறதை முழுசா யூஸ் பண்ணலைன்னா அப்புறம் எதுக்கு இருக்கு?" என்றான். எங்கள் குடும்பத்தில் மின்விசிறியும் எப்போதும் கடைசி எண்ணில்தான் ஓடும்.

முதல் சவாரியில் அவன் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்தாள். தெருமுனை தாண்டியதும் கேட்டாள்: "ஏங்க, இப்ப ஒரு எறும்பு மேல ஏறினோமே, அது ஆணா பொண்ணா?"

இது என் கற்பனை இல்லை. இவ்வளவு நன்றாக எனக்கு எழுத வராது.

4

[இந்தப் பகுதி தம்பி எழுதிக் கொடுத்தது. சக்கரங்களின் சாய்மானம் பற்றியது. படங்களும் அம்புக்குறிகளும் நிறைய இருந்தன. நீக்கிவிட்டேன். அவன் உழைப்பு வீண்போகக் கூடாது என்பதற்காக அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியம்: "சாய்மானத்தில் மனிதன் பேராசைப்படக் கூடாது."]

5

வரைவை முதலில் படித்தவள் தம்பியின் மனைவி. நான் காட்டவில்லை, அவளே கேட்டு வாங்கினாள். அவள் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், வயதாகி முழங்கால் மடங்காதவர்கள் எல்லோரையும் அதட்டி மிரட்டி நடக்க வைப்பது அவள் தொழில். அவளுடைய கிளினிக்கில், இழுத்துப் பிடிக்கும் ரப்பர்ப் பட்டைகளுக்கும் பெரிய நீலப் பந்துக்கும் நடுவே, நோயாளி உட்காரும் ஸ்டூலில் என்னை உட்கார வைத்துவிட்டுப் படித்து முடித்தாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"இந்தக் கதையில நான் மொத்தமே மூணு இடத்துலதான் வரேன். மூணுலயும் இடுப்பைப் புடிச்சுக்கிட்டு வரேன்."

"அது... கார் விறைப்பா இருக்குல்ல, அதனால..."

"எனக்கு இடுப்பு வலியே கிடையாது. ஊர் இடுப்பை எல்லாம் சரி பண்றவ நான். என் இடுப்பு அந்த வேகத்தடையை விட ஸ்ட்ராங்."

"அப்புறம் ஏம்மா கார்ல ஏற மாட்டேங்கற?"

அவள் காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். வெளியே யாரோ ஒரு பெரியவர் நடைப் பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகுவது கேட்டது. "ஐயா, நான் பாக்கலைன்னு நினைக்காதீங்க, நடங்க!" என்று அவரைப் பார்க்காமலே ஒரு குரல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நாங்க ரெண்டு பேரும் வீட்ல பேசிக்க மாட்டோம் அண்ணி. சண்டை எல்லாம் இல்ல. எனக்கு வேலை, அவருக்கு வேலை, வீட்டுக்கு வந்தா டிவி, அப்புறம் தூக்கம். ஞாயித்துக்கிழமை கார்ல போறப்பதான் பேசுவோம். எங்க போறோம்னுகூட முடிவு பண்ண மாட்டோம், சும்மா சுத்துவோம். வாரம் பூரா சேத்து வச்சதை எல்லாம் அப்பதான் கொட்டுவேன். அவரும் கேப்பாரு. நல்லா கேப்பாரு. இப்ப புது சஸ்பென்ஷன் வந்ததும் நான் வாயைத் திறந்தா 'உஷ்'ங்கறாரு. முன்பக்கம் ஏதோ சத்தம் வருதாம், அதைக் கேக்கணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

"அதோட விட்டாரா? ஒவ்வொரு சக்கரத்துலயும் பாரம் சரியா விழுதான்னு எடை போட்டுப் பாக்கணும்னு அந்த மெக்கானிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. நாலு சக்கரத்துக்கும் கீழ நாலு தராசு. ஓட்டறவர் சீட்ல உட்காந்தபடியே அளக்கணுமாம். இவரு உட்காந்தாச்சு. நானும் எப்பவும் போல ஏறலாம்னு கதவைத் திறந்தேன். 'ஐயையோ, நீ ஏறாத, நீ ஏறினா கணக்கு கெட்டுடும்'னாரு."

"அவன் அந்த அர்த்தத்துல..."

"எந்த அர்த்தத்துலயும் சொல்லலைன்னு எனக்கும் தெரியும். அவருக்கு அப்படி எல்லாம் யோசிக்கத் தெரியாது. ஆனா அந்தக் கார் இப்ப அவரு ஒருத்தருக்காக மட்டும் சரி பண்ணின கார் அண்ணி. நான் ஏறினா அது ஒரு பக்கமா கோணுது. 'பாத்தியா, நீ இல்லாதப்ப எவ்வளவு நேரா போச்சு தெரியுமா'ன்னு ஒரு நாள் சொன்னாரு. ஆசையாத்தான் சொன்னாரு. அடுத்த ஞாயித்துக்கிழமையிலேருந்து நான் ஏறலை."

இதற்குமேல் அவள் சொன்னதுதான் இந்தக் கதையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. வேறொரு ஊரில், பக்கவாதம் வந்தவர்களுக்கென்று புதிதாகத் திறக்கும் பெரிய மையம் ஒன்றில் பிசியோதெரபிப் பிரிவுக்கே அவளைத் தலைமை ஏற்கக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் படித்த காலத்திலிருந்தே ஆசைப்பட்ட வேலை. போனால் அங்கேயே தங்க வேண்டும். அந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.

"ஏம்மா சொல்லல?"

"எங்க வச்சு சொல்றது?" என்றாள்.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி என் வரைவைத் திரும்பப் புரட்டினேன். தம்பி தின்ற ஆப்பிளைக்கூட எழுதியிருந்தேன். அவளுக்கு என்ன வேலை என்பதை எழுதவில்லை.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க" என்றாள் எழுந்தபடி. "நாத்தனார் எழுதற கதையில எனக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த இடுப்பை மட்டும் எடுத்துடுங்க."

இரண்டு இடுப்புகளை எடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் மூன்றாம் பகுதியில் சாட்சியாக விட்டு வைத்திருக்கிறேன்.

6

இப்போது என் சங்கடத்தைப் பாருங்கள். கதாநாயகனுக்குத் தெரியாத ஒன்று ஆசிரியருக்குத் தெரிந்திருப்பது இலக்கியத்தில் சாதாரணம். ஆனால் கதாநாயகன் ஆசிரியருடைய தம்பியாக இருந்து, தினமும் போன் செய்து "எவ்வளவு எழுதியிருக்க?" என்று கேட்டால் என்ன செய்வது? நானாகச் சொல்வது நியாயமில்லை, அது அவள் சொல்ல வேண்டிய விஷயம். சொல்லாமல் இருக்கவும் வாய் துறுதுறுக்கிறது.

ஆகவே பிழைப்பைப் பார்ப்போம் என்று முடிவுகளை எழுத ஆரம்பித்தேன்.

முடிவு அ: தம்பி மனம் மாறி, புது செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய சஸ்பென்ஷனையே திரும்பப் பொருத்துகிறான். மனைவியின் கண்களில் நீர்.

சும்மா ஒரு பேச்சுக்கு என்று தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். "பழைய ஷாக் அப்சார்பரா?" என்று அலறினான். "அக்கா, அதுல ஆயில் கசியுது!"

முடிவு ஆ: அவள் அந்த ஊருக்குப் பஸ்ஸில் கிளம்புகிறாள். தம்பி காரில் துரத்துகிறான். வளைவுக்கு மேல் வளைவு. சாயாத, பாயாத, மிதக்காத அந்தக் கார் கடைசி வளைவில் பஸ்ஸை முந்தி—

[இதை எழுதும்போது எனக்கே நெஞ்சு படபடத்தது. ஆனால் தம்பியின் குணம் எனக்குத் தெரியும். பஸ்ஸை நிறுத்தி உள்ளே ஏறியதும், "இதுல ஏர் சஸ்பென்ஷனா? அட, நல்லாத்தான் இருக்கு" என்று டிரைவரிடம் பேச ஆரம்பித்துவிடுவான்.]

முடிவு இ: அவள் கர்ப்பம் என்று—

[கதையில் சிக்கல் வந்தால் உடனே யாரையாவது கர்ப்பமாக்கிவிடுவது என் பழைய கதைகளின் வழக்கம். அதில் ஒருத்திக்கு ஐம்பத்தெட்டு வயது என்பதை ஒரு வாசகர்தான் சுட்டிக்காட்டினார். வேண்டாம்.]

முடிவு ஈ: அவள் வேலைக்குப் போகிறாள், அவனும் கூடவே போகிறான், லிப்ட் எல்லா ஊரிலும் இருக்கிறது.

இது எனக்குப் பிடித்தது. ஒரு நாள் முழுக்க இதோடு சந்தோஷமாக இருந்தேன். பிறகு, இந்த முடிவில் அவளும் அவனும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் நானே பேசி முடித்துவிட்டேன் என்பது உறைத்தது. அடித்துவிட்டேன்.

7

மெக்கானிக்கை 'லெவல்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய ரசமட்டம் வைத்திருப்பார். நீர்க்குமிழி நடுவில் நிற்காத எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. டீக்கடை பெஞ்சுக்குக்கூட அட்டை மடித்து முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். கடையில் கார் நிற்கும் தரை மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. மற்ற இடங்களில் கிரீஸும் டயரும் பழைய காலண்டர்களும்.

தம்பி என்னையும் கூட்டிக்கொண்டு காரை மறுபடி அங்கே கொண்டுவந்ததற்குக் காரணம் முன்டயர்கள். உட்பக்கம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தன. லெவல் காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, நசுங்கிப்போன ஒரு ரப்பர்த் துண்டைக் காட்டினார்.

"சார், நீங்க இத்தனை நாளா ஸ்பிரிங்ல ஓடல. இந்த ரப்பர்ல ஓடியிருக்கீங்க."

காரை அத்தனை தாழ்த்தினால் ஷாக் அப்சார்பருக்கு மேலும் கீழும் போய்வர இடமே இருக்காதாம். ஒவ்வொரு பள்ளத்திலும் அது கடைசியில் இருக்கும் இந்த ரப்பரில் போய் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ரோடு உடம்புக்குத் தெரிகிறது என்று பெருமைப்பட்டவன் முகத்தை நான் பார்க்கவில்லை. அக்கா என்ற முறையில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!" என்றான் தம்பி.

"சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன் சார். நீங்க அவ்வளவு ஆசையா திருகிட்டு இருந்தீங்க, நான் போய் எப்படி...?"

காரைக் கொஞ்சம் உயர்த்தி, விறைப்பைப் பாதியாகக் குறைத்தார்கள். உயரம் மாறினால் ஒவ்வொரு சக்கரத்திலும் விழும் எடையும் மாறும், ஆகவே மறுபடி தராசில் ஏற்ற வேண்டும். மதியம் ஏற்றலாம் என்றார் லெவல்.

ஒரு கதாபாத்திரத்தைக் காட்சிக்குள் கொண்டுவர ஆசிரியருக்கு எத்தனையோ உத்திகள் உண்டு. நான் அவளுக்குப் போன் செய்தேன்.

"கிளம்பி வா" என்றேன். "அவன் சீட்ல அசையாம உட்காந்திருக்கப் போறான். அசைஞ்சா எண் மாறிடுமாம். எழுந்து ஓட முடியாது, இன்ஜின் ஓடாது, ஒரு சத்தமும் வராது. உனக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது."

"வரேன்" என்றாள்.

8

நான்கு சக்கரங்களும் நான்கு தராசுத் தட்டுகளில் நின்றன. தட்டுகளிலிருந்து கம்பிகள் கிளம்பி, லெவலின் கையிலிருந்த சிறு பெட்டியில் போய்ச் சேர்ந்தன. பெட்டியில் நான்கு எண்கள். ஒரு மூலையில் வளையத்தைத் திருகிக் காரைத் துளி உயர்த்தினால், அந்தச் சக்கரத்தில் மட்டுமல்ல, குறுக்கே எதிர் மூலையிலும் பாரம் ஏறுகிறது. மற்ற இரண்டில் குறைகிறது. தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"போன தடவையை விட ஓட்டுநர் பக்கம் கொஞ்சம் கூடியிருக்கு சார்" என்றார் லெவல்.

"ஸ்பிரிங் கொஞ்சம் படிஞ்சிருக்கும்."

"ஸ்பிரிங் இல்ல சார்" என்றார், தம்பியின் வயிற்றைப் பார்த்தபடி.

சும்மா நிற்கிறேனே, உதவியாக இருக்கட்டுமே என்று, "நான் வேணா பக்கத்துல உட்காரட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் அக்கா. நீ அவளை விட—" என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

இதுவும் கைவிடப்பட்ட வாக்கியம்தான். ஆனால் என்னுடையதல்ல.

அப்போதுதான் அவள் வந்தாள். கிளினிக்கின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், ஷட்டருக்குக் கீழே வெயிலும் நிழலுமான இடத்தில் நின்றாள். தம்பிக்கு ஆச்சரியம். அவள் பக்கம் திரும்ப முயன்றான்.

"அசையாதீங்க சார்!" என்றார் லெவல். தம்பி கண்ணாடி வழியே அவளைப் பார்த்துக்கொண்டான்.

"நல்ல நேரத்துல வந்தீங்க மேடம்" என்று லெவல் தன்போக்கில் தொடர்ந்தார். "வளையத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சாகணும். சார், ஒருத்தருக்கு வைக்கவா, ரெண்டு பேருக்கு வைக்கவா?"

இந்த இடத்தில் என் எல்லா வரைவுகளிலும் தம்பி "ஒருத்தருக்கு" என்றுதான் சொல்லியிருந்தான். சொன்னதும் அவள் பேசாமல் திரும்பிப் போவதாக ஒரு நல்ல பத்தியும் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பத்தியை அவன் கெடுத்துவிட்டான்.

"ரெண்டு பேருக்கு" என்றான்.

"ஏன் சார்? போன தடவை ஒருத்தருக்கு வச்சது எண்ணெல்லாம் அவ்வளவு சரியா வந்துச்சே?"

"எண்ணெல்லாம் சரியாத்தான் வந்துச்சு" என்றான் தம்பி. "ஓட்டறதுக்குத்தான் நல்லா இல்ல."

"அப்புறம் நீங்க தனியாப் போறப்போ லேசா ஒரு பக்கமா இழுக்கும். என்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது."

"இழுக்கட்டும்."

எழுத்தாளர் அடக்கி வாசிக்க வேண்டும் என்பார்கள், அதெல்லாம் தம்பி இல்லாதவர்கள் சொல்வது. நாத்தனாராக எனக்கு அவளைப் பிடித்து அந்தச் சீட்டில் தள்ளிவிடலாம் போலிருந்தது. போ, போய் அந்த வேலையை எடுத்துக்கொள் என்று காதில் சொல்லவும் துடித்தது. இரண்டுமே மனதார. அவன் சொன்னது அவளுக்கு எதையும் சுலபமாக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவன் "ஒருத்தருக்கு" என்று சொல்லியிருந்தால் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பாள்.

"உட்காருங்க மேடம்" என்றார் லெவல். "உங்களை வச்சுத்தான் திருகணும்."

அவள் காரைச் சுற்றி வந்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஏறவில்லை. கதவின் விளிம்பில் கை வைத்தபடி குனிந்தாள்.

"ஏங்க, ஏறுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நான் வெளியே வந்துவிட்டேன். லெவலையும் கூப்பிட்டேன். பெட்டியை விட்டுவிட்டு வர முடியாது என்று கையாட்டி மறுத்துவிட்டு, சுவரிலிருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினார். அது போன வருடத்துக் காலண்டர்.

9

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, தெரியாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அதை எழுதவும் செய்தேன், நன்றாகவும் வந்திருந்தது. அவளிடம் காட்டினேன். மேலிருந்து கீழாக ஒரே கோடாகப் போட்டு அடித்துவிட்டு, "இது எங்க ரெண்டு பேரோடது அண்ணி" என்றாள். தம்பியிடம் போய் முறையிட்டேன். அவன் அவள் பக்கம் நின்றான். ஒரே ஒரு துண்டை மட்டும் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கிறேன், ஷட்டருக்கு வெளியே நின்ற என் காதில் விழுந்ததை மட்டும்.

முதலில் அவள் குரல், நெடுநேரம். வார்த்தைகள் பிடிபடவில்லை. பிறகு கார்க் கதவு சாத்தும் சத்தம். உள்ளே உட்கார்ந்து சாத்தினாலும் வெளியே நின்று சாத்தினாலும் அது ஒரே மாதிரிதான் கேட்கும். லெவலின் கையிலிருந்த எண்களைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை, நீங்கள் வேண்டுமானால் உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் ஏறியிருந்தால் வேலையை விட்டுவிட்டாள் என்றோ, ஏறாமலிருந்தால் அவனை விட்டுவிட்டாள் என்றோ உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். நான் அப்படி அவசரப்பட்டு எழுதியவை எல்லாம்தான் ஆறாம் பகுதியில் கிடக்கின்றன.

பிறகு லெவலின் குரல் கேட்டது.

"அளந்தாச்சு சார். மிஷினை ஆஃப் பண்ணிட்டேன். இனிமே நீங்க அசையலாம், இறங்கலாம்."

"இருக்கட்டும்" என்றான் தம்பி.

அப்புறம் அவளிடம் சொன்னான்: "நீ சொல்லு."